பரம்பரை வருத்தம் யாருடைய குற்றம்?



“அவர்களுக்கு இது பரம்பரை வருத்தம்.” இந்த வார்த்தையை நீங்கள் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! வைத்தியசாலைக் கட்டிலருகே ஒருவர் சொல்வார். செத்தவீட்டு முற்றத்தில் மற்றொருவர் சொல்வார். கலியாணம் பேசும் வீட்டிலே, குரலைத் தாழ்த்தி, வேறொருவர் சொல்வார். வார்த்தை ஒன்றே, ஆயினும் மூன்று இடங்களிலும் அதன் பொருள் ஒன்றன்று. கட்டிலருகே அது ஆறுதல்: “பாவம், தகப்பனுக்கும் நெஞ்சு வருத்தம்தானே, அவர் என்ன செய்வார்?” செத்தவீட்டில் அது விதி: “தமையன் போனார், இப்போது தம்பியும் போய்விட்டார், அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளைகள் அறுபதைக் காண்பதில்லை.” கலியாண வீட்டிலோ அது தீர்ப்பு: “அந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்.”

ஆறுதல், விதி, தீர்ப்பு என்னும் இம்மூன்றில் எது உண்மை? பெற்றோரிடமிருந்து இரத்தத்தோடு வந்த ஒரு குறைக்கு மனிதன் பொறுப்பாளியா? பொறுப்பாளி அல்லன் என்றால், அதைப்பற்றி அவன் செய்யவேண்டிய கடமை ஏதும் இல்லையா? வெறும் வாதத்தால் இதற்கு விடை காண்பது கடினம். ஆனால் ஓர் இனத்து மக்களின் வாழ்விலே இந்தக் கேள்வி நெடுங்காலமாகச் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அவர்கள் யப்பானியர். அவர்களுடைய இருதயங்கள் நமக்குச் சொல்லும் பாடத்தைச் சற்றுப் பொறுமையோடு கேட்போம்.

ஒரே இரத்தம், மூன்று கரைகள்

1958ஆம் ஆண்டில் அன்செல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஏழு நாடுகளில் இருதய நோய் பற்றிய ஆய்வொன்றைத் தொடங்கினார். யப்பானில் அதற்கெனத் தெரிவு செய்யப்பட்டவை தனுஷிமாரு என்னும் கமக்காரக் கிராமமும் உஷிபுக்கா என்னும் மீன்பிடி ஊரும் ஆகும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு செய்தி தெளிவாயிற்று. பின்லாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நடுவயது ஆண்களை வாரிக்கொண்டு போன மாரடைப்பு, இவ்விரு யப்பானிய ஊர்களிலும் அரிதாகவே இருந்தது. யப்பானியரின் இரத்தத்திலேயே ஏதோ ஒரு காவல் இருக்கிறதோ என்று எண்ண இடமுண்டாயிற்று.

அந்த எண்ணம் சரியா என்று பார்க்க வரலாறே ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. 1885ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்க ஒப்பந்தத்தின் கீழ்ப் பல்லாயிரம் யப்பானியர் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அவர்களிற் பெருந்தொகையினர் ஹிரோசிமா, யமகுச்சி, குமமோட்டோ ஆகிய மாகாணங்களைச் சேர்ந்த ஏழைக் கமக்காரரின் பிள்ளைகள். இன்னும் பலர் கலிபோர்னியாவுக்குச் சென்றனர். இவ்வாறு, ஒரே மண்ணில் வேர்கொண்ட மக்கள் பசுபிக் சமுத்திரத்தின் மூன்று கரைகளிலே வாழலாயினர்.

1960களின் நடுப்பகுதியில் வைத்தியர்கள் இம்மூன்று கரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஹிரோசிமா, நாகசாகி நகரங்களிலும், ஹவாயின் ஹொனலூலுவிலும், சென் பிரான்சிஸ்கோப் பகுதியிலும் 45 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 12,000 யப்பானிய வமிச ஆண்கள் பரிசோதிக்கப்பட்டனர். கண்டது என்ன? மாரடைப்பு யப்பானில் வாழ்ந்தோரிடம் மிகக் குறைவு. ஹவாயில் வாழ்ந்தோரிடம் அது ஏறத்தாழ இரு மடங்கு. கலிபோர்னியாவில் வாழ்ந்தோரிடம் ஹவாயை விடவும் ஏறக்குறைய அரைவாசி அதிகம். பாரிசவாதமோ இதற்கு எதிர்மாறாக, யப்பானிலேயே கூடுதலாகக் காணப்பட்டது.

இரத்தம் மாறவில்லை, கரை மாறியது, அதனோடு நோயும் மாறியது. உணவுத் தட்டைப் பார்த்தால் காரணத்தின் ஒரு பகுதி விளங்கும். யப்பானில் வாழ்ந்தவர்களின் உணவுச் சக்தியில் சுமார் 15 வீதமே கொழுப்பிலிருந்து கிடைத்தது. ஹவாயில் அது 33 வீதமாகவும் கலிபோர்னியாவில் 38 வீதமாகவும் இருந்தது. சோறும் சோயாவும் மீனும் உண்டவர்களின் மக்கள், இறைச்சியும் வெண்ணெயும் உண்பவர்களாக மாறியிருந்தார்கள். உடல் உழைப்புக் குறைந்தது, உடலின் எடை கூடியது.

மைக்கேல் மாமட், லியனாட் சைம் என்னும் ஆய்வாளர் இருவர் 1976இல் மேலும் ஒரு படி சென்றனர். கலிபோர்னியாவில் வாழ்ந்த ஏறத்தாழ 3,800 யப்பானியரை, அவர்கள் தம் முன்னோரின் வாழ்க்கை முறையோடும் உறவுக் கட்டோடும் எவ்வளவு ஒன்றியிருந்தனர் என்று பார்த்து வகுத்தனர். பழைய முறையிலே உறவும் அயலும் சூழ வாழ்ந்தவர்களிடம் இருதய நோய் யப்பானில் இருந்த அளவுக்கே குறைவாக இருந்தது. அவற்றைப் பெரிதும் விட்டவர்களிடம் அது மூன்று முதல் ஐந்து மடங்கு வரை கூடியிருந்தது. கொழுப்பு, புகைத்தல், குருதி அமுக்கம் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னும் இந்த வித்தியாசம் முற்றாக நீங்கவில்லை. பின்னர் ஹவாயில் நடந்த ஆய்வு இதை அதே வலுவோடு உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் தனித்துப்போன மனிதனின் இருதயமும் ஒரு பாரத்தைச் சுமக்கிறதோ என்னும் கேள்வியை அவர்கள் எழுப்பிவிட்டுச் சென்றனர்.

இரத்தமும் பேசுகிறது

“அப்படியானால் பரம்பரை என்பது பொய்தானே, எல்லாம் நம் பழக்கவழக்கம்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படவேண்டாம், வாசகரே. அதே யப்பானியரிடம் வேறொரு சாட்சியமும் உண்டு.

1961ஆம் ஆண்டில் தோமிசாக்கு கவசாகி என்னும் குழந்தை வைத்தியர் ஒரு புதுமையான காய்ச்சலைக் கண்டார். பல நாள் நீங்காத காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், உள்ளங்கைத் தோல் உரிதல் முதலியவை அதன் குறிகள். 1967இல் இத்தகைய ஐம்பது பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதினார். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் இந்நோய், தகுந்த சிகிச்சை இல்லாவிட்டால் நாலில் ஒரு பிள்ளைக்கு இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் நாடிகளை வீங்கச் செய்துவிடும். இன்று அது அவருடைய பெயராலேயே கவசாகி நோய் எனப்படுகிறது. உலகில் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் இது வருவதுண்டு; ஆனால் யப்பானியப் பிள்ளைகளுக்கே மிகக் கூடுதலாக வருகிறது. ஹவாயில் பிறந்து வளர்ந்த யப்பானிய வமிசப் பிள்ளைகளிடமும் இது யப்பானில் உள்ள அளவுக்கே காணப்படுகிறது. அதே தீவுகளில் வாழும் வெள்ளையினப் பிள்ளைகளை விடப் பல மடங்கு அதிகம். இங்கே கரை மாறியும் நோய் மாறவில்லை. 2008இல் யப்பானிய ஆய்வாளர்கள் இந்நோய்க்கு இடமளிக்கும் பரம்பரையலகு மாற்றம் ஒன்றையும் கண்டுபிடித்தனர்.

இன்னோர் உதாரணம். சிறிதளவு மதுபானம் அருந்தியதுமே முகம் சிவந்துபோகும் யப்பானியர் பலர் உண்டு. மது உடலில் மாறும்போது உண்டாகும் ஒரு நச்சுப்பொருளை நீக்குகின்ற நொதியம் அவர்களுக்குப் பிறப்பிலேயே வலிமை குன்றியது. பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் இவ்வாறானவர்கள். இருதய நாடி திடீரெனச் சுருங்கிக்கொள்வதால் உண்டாகும் நெஞ்சுவலி யப்பானியரிடம் ஐரோப்பியரை விடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்த நொதியக் குறைபாடும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டிருக்கிறார்கள். அதனோடு புகைத்தலும் சேருமானால் ஆபத்து மேலும் பெருகுகிறது.

ஆகவே இரத்தமும் பேசுகிறது, கரையும் பேசுகிறது. பரம்பரை நம் கையில் ஒரு விதையைத் தருகிறது. சில விதைகள் எந்த மண்ணிலும் முளைக்கும். பல விதைகள் மண்ணையும் நீரையும் பார்த்தே முளைக்கும். நம்மில் எவருக்கும் தம் விதையைத் தெரிவு செய்யும் உரிமை கிடைக்கவில்லை. ஆனால் மண்ணைப் பண்படுத்தும் வேலையில் ஒரு பங்கு நம் எல்லோருக்கும் உண்டு.

உப்புப் பானையும் விதியும்

இந்தப் பங்கு எவ்வளவு பெரியது என்பதை யப்பானின் வடபுறத்திலுள்ள அக்கித்தா மாகாணம் காட்டுகிறது. ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் நாடு அது. பனிக்காலத்தில் மரக்கறி இல்லை. எனவே ஊறவைத்த காய்கள், உப்பிட்ட மீன், சோயாக் கூழில் ஆக்கிய சாறு ஆகியவற்றோடு சோறு உண்டு காலங்கழித்தனர். 1950களில் அங்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட உப்பு ஏறத்தாழ 27 கிராம் என்று கணித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்று போதும் என்று சொல்லும் அளவு 5 கிராமுக்கும் குறைவு. அக்கித்தாவில் நடுவயதிலேயே பாரிசவாதம் கண்டு வீழ்ந்தவர் பலர். நாடு முழுவதிலும் 1951 முதல் 1980 வரை மரண காரணங்களில் முதலிடம் வகித்தது பாரிசவாதமே.

1963இல் வைத்தியர் குழுவொன்று அக்கித்தாவின் இக்காவா என்னும் கிராமத்துக்குச் சென்றது. கிராமத்தவர்களுக்குக் குருதி அமுக்கம் பார்த்தார்கள்; அமுக்கம் கூடியவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள்; உப்பைக் குறைக்கும் வழியைக் குடும்பப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அக்கிராமத்தில் பாரிசவாதம் குறைந்தது; நாடு முழுவதிலும் அது பெரிதும் குறைந்தது. ஒரு தலைமுறைக் காலத்தில் இரத்தம் மாறுவதில்லை. மாறியது உப்புப் பானை. மாறியது அயலவர் ஒருவர்மீது ஒருவர் கொண்ட அக்கறை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வைத்தியர்கள் எவரையும் பழிக்கவில்லை. “உப்பைத் தின்றாய், ஆதலால் விழுந்தாய்” என்று ஒரு நோயாளியிடம் சொல்வது எளிது. ஆனால் பனிநாட்டு ஏழைக்கு உப்பு ஆடம்பரமன்று. பனிக்காலத்தைத் தாண்டும் வழி அதுவே. கரும்புத் தோட்டக் கூலியின் பேரன் பட்டினத்துக் கடையில் விற்பதையே உண்கிறான். நோயின் காரணத்தை அறிவது வேறு. நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வேறு. பரம்பரையைச் சொல்லி ஒருவனைக் கைவிடுவது எவ்வளவு பிழையோ, பழக்கத்தைச் சொல்லி ஒருவனைக் கடிந்துகொள்வதும் அவ்வளவு பிழை.

இரத்தத்துக்குத் தீர்ப்பிட்டபோது

இனி, கலியாண வீட்டில் சொல்லப்படும் அந்தத் தீர்ப்புக்கு வருவோம். இரத்தத்தை வைத்து மனிதரைத் தரம் பிரித்தால் என்ன நேரும் என்பதற்கும் யப்பானே சாட்சி.

1948இல் அந்த நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. “தாழ்ந்த” சந்ததி பிறவாமல் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்றென்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அது இருதய நோயாளரைக் குறித்து எழுந்த சட்டமன்று. பரம்பரை நோய் உடையோர், மனநோயாளர், அறிவு வளர்ச்சி குன்றியோர், தொழுநோயாளர் ஆகியோரே அதற்கு இலக்காயினர். 1996இல் அது மாற்றப்படும்வரை ஏறத்தாழ 25,000 பேர் பிள்ளைப்பேறற்றவர்களாக்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 16,500 பேருக்கு அவர்களுடைய சம்மதமின்றியே அது செய்யப்பட்டது. 2024 யூலை 3ஆம் நாள் யப்பானிய உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க வாழ்ந்திருந்தவர்கள் முதியவர்கள்; வழக்கு முடியுமுன்னே கண்மூடியவர்களும் உண்டு.

மூன்று கரைகளின் ஆய்விலே யப்பானின் பக்கம் நின்றவர்கள் யார் என்று நினைவிருக்கிறதா? ஹிரோசிமா, நாகசாகி நகரத்தவர்கள். அணுகுண்டுக்குத் தப்பியவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்து வந்த வைத்திய ஏற்பாட்டிலிருந்தே அவர்கள் தெரிவாயினர். குண்டுக்குத் தப்பியவர்கள் பலர், அவர்களின் பிள்ளைகள் பலர், கலியாணம் பேசுமிடத்தில் மறுக்கப்பட்டார்கள். “அவர்களின் இரத்தம் கெட்டது, ஊனமான பிள்ளை பிறக்கும்” என்ற பயமே காரணம். ஊரைச் சொல்லாமல் மறைத்தவர் பலர். ஆனால் அவர்களின் பிள்ளைகள் பல்லாயிரவரைப் பல பத்தாண்டுகளாகப் பரிசோதித்தும், பெற்றோர் பட்ட கதிர்வீச்சு பரம்பரையாகப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ததென்பதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. அந்தப் பயத்தால் கலியாணம் குழம்பிப்போன பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

பிறவிக் குருடனைக் கண்டபோது சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வி உங்களுக்குத் தெரியும். இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்றே அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல் அவனுக்குப் பார்வையளித்தார். குற்றம் யாருடையது என்ற கேள்வியை விட்டு, செய்யவேண்டியது என்ன என்ற கேள்விக்கு அவர் வந்துவிட்டார்.

அறிந்தவரின் கடமை

இரத்தத்தின் குறையை அறிந்தபின் மனிதன் செய்யவேண்டியது என்ன? அதற்கும் அக்கித்தாவிலிருந்தே ஒரு விடை வந்தது. அந்த மாகாணத்துக் கமக்காரக் குடும்பம் ஒன்றில் 1933இல் பிறந்தவர் அக்கிரா என்டோ. உடலில் கொலஸ்திரோல் உண்டாவதைத் தடுக்கும் பொருள் ஒன்றைத் தேடி அவர் ஏறத்தாழ 6,000 வகைப் பூஞ்சணங்களையும் பிற நுண்ணுயிர்களையும் சோதித்தார். 1973இல், அரிசியிற் படரும் நீலப்பச்சைப் பூஞ்சணம் ஒன்றில் அதைக் கண்டார்.

கொலஸ்திரோல் மிக அதிகமாகச் சேரும் தன்மை பரம்பரையாக வருகின்ற குடும்பங்கள் உண்டு. முந்நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இத்தன்மை இருக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இக்குறை ஒருங்கே வந்துசேரும் பிள்ளைகள் மிக அரியவர்கள். அவர்களுக்கு இளமையிலேயே மாரடைப்பு வந்துவிடுகிறது. 1978இல் ஒசாக்கா வைத்தியர் ஒருவர் இவ்வாறு பிறந்த 18 வயதுப் பெண்ணுக்கு அந்த மருந்தை முதன்முதலாகக் கொடுத்தார். கொலஸ்திரோல் குறைந்தது. ஆயினும் தசைகள் பலமிழந்தமையால் அளவைக் குறைக்கவேண்டியதாயிற்று. பின்னர் வேறு நோயாளருக்குக் கொடுத்தபோது நல்ல பலன் கிடைத்தது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் ஸ்டற்றின் வகை மருந்துகளுக்கு என்டோ கண்டதே வழிகாட்டி. அவர் 2024இல் காலமானார்.

ஒரே நாடு, ஒரே காலம். ஒரு பக்கத்தில், பரம்பரைக் குறை உடையவர்கள் பிள்ளை பெறாதபடி தடுத்தார்கள். மறுபக்கத்தில், பரம்பரைக் குறையோடு பிறந்த ஒரு பெண்ணின் உயிரைக் காக்க ஒரு மனிதர் பூஞ்சணத்திலே மருந்து தேடினார். இரு பக்கத்தாரிடமும் இருந்த அறிவு ஒன்றே: நோய் இரத்தத்தோடு வருகிறது என்பது. அந்த அறிவை மனிதனுக்கு எதிராகப் பயன்படுத்தினார்களா, மனிதனுக்காகப் பயன்படுத்தினார்களா என்பதிலேதான் அறமும் அநீதியும் பிரிகின்றன.

வாசகரே, இது யப்பானியரோடு நின்றுபோகும் காரியமன்று. தென்னாசிய மக்களாகிய நமக்கும் இருதய நோயும் சீனி வருத்தமும் மற்றப் பல இனத்தவர்களை விட இளவயதிலேயே வருகின்றன. ஆகையால் நம் வீடுகளுக்குப் பொருந்தும் இரண்டு கடமைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, சொல்லும் கடமை. உங்களுக்கு இளவயதில் நெஞ்சு வருத்தம் வந்திருந்தால், அல்லது கொலஸ்திரோல் அளவுக்கு மிஞ்சி இருப்பதாக வைத்தியர் கண்டிருந்தால், அதை உங்கள் கூடப்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன பரம்பரைக் கொலஸ்திரோல் ஒருவருக்கு இருந்தால், அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. “வெளியே தெரிந்தால் குமர்ப்பிள்ளைக்குக் கலியாணம் குழம்பிவிடும்” என்று மறைக்கிறோம். மறைத்த மௌனம் பிள்ளையின் கலியாணத்தைக் காக்கலாம். பிள்ளையின் உயிரைக் காக்காது. ஓர் இரத்தப் பரிசோதனையால் முப்பது வயதில் காணக்கூடியதை, ஐம்பது வயதில் செத்தவீட்டிலே ஏன் காணவேண்டும்?

இரண்டாவது, கேட்கும் கடமை. சொல்பவனுக்குத் துணிவு வேண்டுமாயின் கேட்பவனுக்கு நீதி வேண்டும். ஒரு குடும்பம் தன் வருத்தத்தை ஒளிக்காமல் சொல்கிறதென்றால் அந்தக் குடும்பத்தில் நேர்மை இருக்கிறது என்பதே முதற் பொருள். சம்பந்தம் பேசுகிறவர்கள் “இவர்களின் இரத்தம் சுத்தமா?” என்று கேட்பதை விட்டு, “இவருக்கு என்ன பராமரிப்பு வேண்டும்?” என்று கேட்கட்டும். குறை எதுவுமில்லாத பரம்பரை இவ்வுலகில் எந்த வீட்டிலும் இல்லை. உங்கள் வீட்டின் குறை இன்னும் வெளிப்படவில்லை, அவ்வளவுதான். சொல்பவனை நாம் தண்டித்தால் அடுத்தவன் மறைப்பான். அப்படி மறைத்தவனின் மரணத்தில் நமக்கும் ஒரு பங்கு வந்து சேரும்.

பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்வது இரத்தம் மட்டுமன்று. நாம் உண்ட தட்டையும் நடந்த நடையையும் விட்டுச் செல்கிறோம். நம் வீட்டில் உண்மை பேச இடமிருந்ததா, தனித்துப்போனவனை யாராவது தேடிப்போனார்களா என்பதும் அவர்களுக்கு நாம் விடும் முதுசமே. இரத்தத்தைக் குறித்து எவரும் நம்மிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை. மற்றவற்றுக்கு நாம் கணக்குக் கொடுக்கவேண்டும்.

இந்த ஞாயிறு குடும்பத்தோடு சாப்பிட உட்காரும்போது, உங்கள் அப்புவும் ஆச்சியும் எந்த வருத்தத்தால், எந்த வயதில் இறந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெட்கப்படாமற் சொல்லுங்கள், பயமுறுத்தாமற் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கறியில் ஒரு சிட்டிகை உப்பைக் குறையுங்கள்.